காவிரி முடியும் கரையில் படகோட்டம்

கோடியக்கரையிலிருந்து மேற்கே அதிராம்பட்டினம் வரை நீளும் கடற்கரை, தமிழ்நாட்டில் ஆள் நடமாட்டம் மிகக் குறைந்த கரைகளில் ஒன்று. பெரிய துறைமுகம் எதுவும் அங்கே இல்லை. கடலை ஒட்டிப் போகும் சாலையும் இல்லை. உப்பளம், சேற்றுவெளி, அலையாத்திக் காடு, அதற்கு அப்பால் நெடுந்தூரத்துக்கு ஆழமில்லாத கடல் என்று மாறிமாறி வரும். தரைவழியாகப் போகிறவருக்கு இந்தக் கரை முழுதாகக் கண்ணில் படுவதே இல்லை. அதைப் பார்க்கவேண்டுமானால் படகேறித்தான் ஆகவேண்டும்.

திருச்சிராப்பள்ளிக்கும் திருவரங்கத்துக்கும் இந்தக் கரையோடு நீர்வழி உறவு உண்டு. முக்கொம்பில் கொள்ளிடத்தைப் பிரிந்து திருவரங்கத் தீவின் தென்புறமாக வரும் காவிரி, கல்லணையில் மறுபடியும் பங்குபோடப்படுகிறது. காவிரிக்கு ஒரு பங்கு, வெண்ணாற்றுக்கு ஒரு பங்கு, 1934-ல் வெட்டி முடித்த கல்லணைக் கால்வாய்க்கு ஒரு பங்கு, வெள்ளம் மிஞ்சினால் கொள்ளிடத்துக்கு. வெண்ணாற்றில் இறங்கும் நீர் நீடாமங்கலத்துக்கு அருகே மூணாறு தலைப்பில் கோரையாறு, பாமனியாறு என்று கிளைக்கிறது. மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வட்டார வயல்களுக்குப் பாய்ந்தது போக எஞ்சியது முத்துப்பேட்டைக் காயலில் போய் விழுகிறது. திருவரங்கத்து அம்மா மண்டபப் படித்துறையில் ஆடிப்பெருக்கன்று முழுகி எழுகிறவரைத் தொட்டுப்போகும் தண்ணீரில் ஒரு சிறு பங்காவது அந்தக் காயலை எட்டும்.

நீர் போகும் இதே திசையில் திருச்சியிலிருந்து ஒரு பெரும் பயணம் கால்நடையாகவும் நடந்திருக்கிறது. 1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜியின் தலைமையில் திருச்சியிலிருந்து புறப்பட்ட உப்புச் சத்தியாக்கிரகிகள் சுமார் 150 மைல் நடந்து ஏப்ரல் 28 அன்று வேதாரண்யம் சேர்ந்தார்கள். அவர்கள் தேடிப்போன உப்பு, அந்தக் காலத்தில் வேதாரண்யம் கால்வாய் வழியாகப் படகிலும் போய்க்கொண்டிருந்தது. நாகப்பட்டினத்தையும் வேதாரண்யத்தையும் இணைத்து 1860-களில் வெட்டப்பட்ட அந்தக் கால்வாய் இன்று பல இடங்களில் தூர்ந்து கிடக்கிறது.

தண்ணீர் போகிற வழியில் படகும் போகலாமே என்று தோன்றும். போக முடியாது. முக்கொம்பு மேலணை, கல்லணை, அதன்பின் தலைப்புக்குத் தலைப்பு நீரொழுங்கிகள், மதகுகள் என்று டெல்டா முழுவதும் பாசனத்துக்காகக் கட்டப்பட்டது; போக்குவரத்தை யாரும் அதில் நினைக்கவில்லை. அதனால் காவிரியின் படகுகள் ஒவ்வொரு துறையிலும் ஆற்றைக் குறுக்காகக் கடக்கும் படகுகளாகவே நின்றுவிட்டன. அவற்றில் புகழ்பெற்றது பரிசல். மூங்கிலைச் சிம்பாக வகிர்ந்து பெரிய வட்டக் கூடையாகப் பின்னி, முன்பெல்லாம் மாட்டுத்தோலால் போர்த்தினார்கள். இப்போது பிளாஸ்டிக் விரிப்பைப் போர்த்தித் தார் பூசுகிறார்கள். ஃபைபரில் வார்த்த பரிசலும் வந்துவிட்டது. முன்பக்கம், பின்பக்கம் என்று எதுவும் அதற்குக் கிடையாது. பரிசல்காரர் விளிம்பை ஒட்டி உட்கார்ந்து ஒற்றைத் துடுப்பைத் தனக்கு முன்னால் போட்டுத் தண்ணீரைத் தன் பக்கமாக இழுப்பார். துடுப்பு ஒரு நொடி பிந்தினாலும் பரிசல் சுற்றத் தொடங்கிவிடும். எதிர்நீரில் தள்ளுவது பெரும்பாடு என்பதால், வேண்டியபோது அதைத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு கரையோரமாக மேலே நடந்துவிடுவதும் உண்டு. பாலங்கள் பெருகப் பெருகத் துறைகள் ஒவ்வொன்றாக மூடின. இப்போது பரிசல் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது ஒகேனக்கல் சுற்றுலாதான்.

ஆக, ஆற்றுப் படகுக்காரரும் கடல் படகுக்காரரும் ஒருவரையொருவர் சந்திப்பதில்லை. இருவருக்கும் நடுவே காயல் இருக்கிறது.

முத்துப்பேட்டைக் காயலில் கோரையாறு, பாமனியாறு, கிளைதாங்கியாறு, கந்தப்பரிச்சானாறு, மரக்காக் கோரையாறு ஆகியவை கலக்கின்றன. சுற்றிலும் உள்ள அலையாத்தி, சேற்றுவெளி, நீர்ப்பரப்பு எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 12,000 ஹெக்டேர். முத்துப்பேட்டையை அடுத்த ஜாம்புவானோடையிலிருந்து கோரையாற்றில் இறங்கும் படகு முதலில் இருபுறமும் அலையாத்தி நெருங்கிய ஆற்றில் போகும். பிறகு ஒரு திருப்பத்தில் காடு விலகிக் காயல் திறக்கும். அங்கிருந்து எஞ்சின் ஓட்டுகிறவரின் வேலை குறைந்து, கழி பிடிக்கிறவரின் வேலை கூடும். காயலில் ஒரு மீட்டர் ஆழம்கூட இல்லாத இடங்கள் ஏராளம். தண்ணீர் கலங்கலாக இருப்பதால் அடி தெரியாது. முன்னணியில் நிற்பவர் மூங்கில் கழியை ஊன்றிப் பார்த்துக்கொண்டே வருவார். கழி சேற்றில் மெல்ல இறங்கினால் ஒருவிதம், மணலில் தட்டி நின்றால் வேறுவிதம். கைக்குத் தெரியும் அந்த வேறுபாட்டை வைத்துத்தான் படகு எந்தப் பக்கம் ஒதுங்கவேண்டும் என்று அவர் கையசைப்பார். மீனவர்கள் வலைக்காக நட்ட கம்புகள் நடுநடுவே நிற்கும்; புதிதாக வருகிறவருக்கு அவையே வழிகாட்டி. வலை கட்டும் அளவுக்கு அங்கே தண்ணீர் ஓடுகிறது என்று பொருள்.

காயலுக்குக் கடல்வாய் ஒன்று உண்டு. இந்தக் கரையில் படகோட்டத்தின் முழுச் சிக்கலும் அந்த வாயில்தான் இருக்கிறது. ஆறு கொண்டுவரும் வண்டலும் கடல் ஒதுக்கும் மணலும் அங்கே மோதி மேடு போடுகின்றன. மழைக்காலத்தில் ஆற்று வெள்ளம் ஒரு பக்கம் அறுக்கும். கோடையில் அது தூரும். போன ஆண்டு படகு போன தடத்தில் இந்த ஆண்டு கொக்கு நிற்கலாம். 2018 நவம்பர் 16 அன்று கரையேறிய கஜா புயல் அலையாத்திக் காட்டைப் பெருமளவு முறித்துப்போட்டது. அச்சிட்ட வரைபடம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் இப்படிப்பட்ட இடத்தில் அது பழைய செய்திதான். புதிய செய்தி நேற்று அந்த வாய்வழியாக வந்தவரிடம் இருக்கிறது. ஆளற்ற கரையில் படகோட்டிகள் ஒருவரையொருவர் தேடிப் பேசுவது இந்தத் தேவையிலிருந்து பிறந்த பழக்கம். நட்பு அதற்குப் பிறகு வருவது. எதிர்ப்படும் படகு எஞ்சினைத் தணித்து அருகே வந்ததும் முதல் கேள்வி, “எந்த ஊர்ப் படகு?” என்பது. அடுத்தது, “வாயில தண்ணி எவ்வளவு கெடக்கு?” பெயர், குடும்பம், மீன் விலை எல்லாம் அதற்கப்புறம்தான்.

வாயைக் கடந்தால் பாக் விரிகுடா. பெரும்பாலும் 15 மீட்டருக்கும் குறைந்த ஆழமுள்ள கடல் இது. ஏற்றவற்றம் ஒரு மீட்டரைத் தொடுவதில்லை. வடக்கிலிருந்து நேராக இறங்கிவரும் சோழமண்டலக் கரை கோடியக்கரையில் சட்டென்று மேற்கே மடங்குவதால், முனைக்கு இருபுறமும் கடலின் குணமே வேறு. கிழக்கே அலை ஓங்கி விழும். மேற்கே திரும்பியதும் அடங்கிவிடும். இராமேசுவரம் பக்கத்தில் பாக் விரிகுடாவைப் பெண்கடல் என்றும் மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்றும் சொல்வார்கள். ஆனால் பெண்கடல் என்று நம்பி அலட்சியமாக இருந்துவிடக் கூடாது. ஆழமில்லாத நீரில் காற்று திடீரென்று எழுந்தால் அலை குட்டையாக, நெருக்கமாக, செங்குத்தாக எழும். நீண்ட அலையில் ஏறி இறங்கப் பழகிய படகு இந்த நெருக்கலையில் தண்ணீரை வாரி உள்ளே போட்டுக்கொள்ளும்.

காற்றின் கணக்கு எளிது. ஐப்பசி முதல் வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து அடித்து நீரோட்டத்தைத் தெற்கே தள்ளும். வைகாசி, ஆனியில் தெற்கிலிருந்து சோழகக்காற்று எழுந்து ஓட்டத்தை வடக்கே திருப்பிவிடும். பாய்மரக் காலத்தில் வாடையோடு தெற்கே போய்ச் சோழகத்தோடு வடக்கே திரும்புவதுதான் கரையோர ஓட்டத்தின் சூத்திரம். தூத்துக்குடித் தோணிகள் கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் போனதும் பருவம் பார்த்துத்தான். தோணியின் தலைவரான தண்டல், கடல் கடுமையாகும் மாதங்களில் தோணியைக் கரையில் கட்டிவிட்டுப் பழுது பார்ப்பார். அந்தத் துறையின் உலகத்தை அறிய விரும்புகிறவருக்கு ஜோ டி குரூஸின் ‘கொற்கை’ நாவல் நல்ல வாசல்.

பாக் விரிகுடாவின் ஆழக்குறைவுக்கு ஏற்ற படகையும் இந்தக் கரை உருவாக்கிக்கொண்டது. சென்னை மாகாண மீன்வளத் துறையின் தலைவராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல், 1920-ல் வெளியிட்ட இந்தியப் படகு வடிவங்கள் பற்றிய ஆய்வில் இவற்றை விரிவாக விவரித்திருக்கிறார். முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் பகுதிப் படகுகளும் தொண்டிப் பக்கத்து வத்தைகளும் அடிப்பகுதி அதிகம் ஆழாதவை. மணல்மேட்டைத் தாண்டவும் சேற்றில் உட்காரவும் அதுவே வசதி. ஆனால் அடி ஆழாத படகில் பெரிய பாயை விரித்தால் காற்று அதைச் சாய்த்துவிடும். அதற்கு அவர்கள் கண்ட வழி ஒரு நீளமான கனத்த பலகை. படகின் குறுக்கே போட்டுக் கயிற்றால் இறுக்கி, காற்று வரும் பக்கம் கடல்மேல் நீட்டி வைப்பார்கள். காற்று மிதமாக இருந்தால் பலகையின் கனமே போதும். காற்று ஏறினால் ஓர் ஆள் பலகைமேல் நகர்ந்து உட்காருவார். இன்னும் ஏறினால் மற்றொருவரும் போவார். படகு பாய் மாற்றித் திரும்பும்போது ஆட்கள் உள்ளே வந்து, பலகையை மறுபக்கம் தள்ளி, திரும்பவும் அதன் நுனிக்குப் போகவேண்டும். இரவில், நனைந்த பலகையில், இத்தனையும் சில நொடிகளுக்குள் நடக்கவேண்டும். தொலைவில் வரும் படகின் பலகையில் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தாலே அங்கே காற்று எப்படி என்று தெரிந்துவிடும். வாய் திறந்து பேசாமலே கிடைக்கும் வானிலை அறிக்கை அது.

இன்று அந்தப் பலகையும் பாயும் அநேகமாகப் போய்விட்டன. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் நிவாரணமாகவும் கடனாகவும் வந்த ஃபைபர் படகுகள் கரை முழுவதும் நிறைந்தன. வெளியே தொங்கும் மோட்டார், கையடக்க ஜிபிஎஸ், செல்பேசி என்று கருவிகள் மாறின. ஜிபிஎஸ் வந்ததும் பேச்சு குறைந்திருக்கவேண்டும் என்று எதிர்பார்க்கலாம். அப்படி ஆகவில்லை. கருவி படகு நிற்கும் இடத்தைச் சொல்கிறது. அந்த இடத்தில் இன்று தண்ணீர் இருக்கிறதா, யாருடைய வலை விரிந்திருக்கிறது என்பதைச் சொல்வதில்லை.

படகோட்டிகளின் பெருஞ்சந்திப்பு நடப்பது கோடியக்கரையில். ஒவ்வோர் ஆண்டும் ஏறத்தாழ அக்டோபரில் தொடங்கி மார்ச் வரை நாகப்பட்டினம், மயிலாடுதுறை, காரைக்கால், கடலூர்ப் பக்கத்து ஊர்களிலிருந்து மீனவர்கள் ஃபைபர் படகுகளோடு அங்கே வந்து தங்குகிறார்கள். மணலில் கீற்றாலும் தார்ப்பாயாலும் வாடிகள் எழும். வடகிழக்குப் பருவத்தில் வாவல், காலா மீன்களும் நண்டும் அந்த முனையைச் சுற்றி நன்றாகக் கிடைப்பதுதான் காரணம். சொந்த ஊரின் கரையில் அலை உடைந்து படகிறக்க முடியாத நாட்களிலும், முனையின் மேற்குப் பக்கத்தில் ஒதுங்கிக்கொள்ளலாம் என்பது இன்னொரு காரணம். ஒருபக்கம் வெளிமானும் பூநாரையும் வாழும் சரணாலயம், மறுபக்கம் கடல், நடுவில் சில மாதங்களுக்கு மட்டும் ஓர் ஊர்.

அந்தத் தற்காலிக ஊருக்கும் ஒழுங்கு உண்டு. ஓர் ஊர்க்காரர் வாடிகள் ஓரிடத்தில் சேர்ந்திருக்கும்; படகுகளும் அதே வரிசையில் மணலில் ஏற்றி வைக்கப்படும். புதிதாக வருகிறவர் முதலில் தன் ஊரைச் சொல்லவேண்டும். சோழமண்டலக் கரையில் ஊர்ப் பஞ்சாயத்தின் சொல்லுக்குப் பெரும் மதிப்பு. யார் எந்த வலையை எங்கே விடலாம், வலை அறுந்தால் யார் ஈடு கட்டுவது என்ற வழக்குகள் காவல் நிலையத்துக்குப் போகும் முன்பே அங்கே பேசப்படும். வேறு ஊர்ப் படகு பழுதாகி ஒதுங்கினால் அதைத் திருப்பி அனுப்பும் வழக்கம் இல்லை. கயிறு கட்டி இழுத்து வருவார்கள், டீசலோ பெட்ரோலோ கடன் கொடுப்பார்கள், கணக்கை மறக்கமாட்டார்கள். கடலில் ஆள் காணாமல் போனால் தொழிலை நிறுத்திவிட்டு எல்லாப் படகும் தேடப் போகும். அதில் ஊர்ப்பகை பார்ப்பதில்லை என்பது கரைக்குத் தெரிந்த சட்டம்.

மாலையில் வாடிக்கு முன்னால் வலையிலிருந்து நண்டு கழிப்பது அந்த ஊரின் பொதுவேலை. நண்டின் கால் வலைக்கண்ணில் சிக்கியிருக்கும். முறியாமல் எடுத்தால்தான் விலை. கை அதில் இருக்கும்போது வாய் சும்மா இருப்பதில்லை. வாடை என்றைக்கு இறங்கும், முனைக்கு வெளியே ஓட்டம் எப்படி, இலங்கைக் கடற்படை எங்கே நிற்கிறது, காரைக்கால் சந்தையில் வாவல் என்ன விலை — எல்லாம் அந்த வட்டத்தில் கைமாறும். பொய்யும் கைமாறும். நல்ல பாடு கிடைத்த இடத்தை யாரும் நேராகச் சொல்வதில்லை. ஆபத்தைப் பற்றிய செய்தியை மறைப்பது குற்றம், மீனைப் பற்றிய செய்தியை மறைப்பது திறமை: வாடியில் இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள கோடு எல்லாருக்கும் தெரியும்.

தெற்கே இன்னொரு சந்திப்பிடம் பாம்பன் கால்வாய். 1914-ல் திறந்த பழைய ரயில் பாலத்தின் தூக்கு இடைவெளி வழியாகத்தான் பாக் விரிகுடாவுக்கும் மன்னார் வளைகுடாவுக்கும் இடையே உயரமான படகுகள் போய்வந்தன. 2025 ஏப்ரல் 6 அன்று அதனருகே செங்குத்தாக உயரும் புதிய பாலம் திறக்கப்பட்டது. பாலம் தூக்கப்படும் நாளுக்காக இருபுறமும் கலங்கள் நங்கூரமிட்டுக் காத்திருக்கும். குமரி மாவட்டத்து ஆழ்கடல் விசைப்படகு, இழுவைக் கப்பல், மிதவை, எப்போதாவது உலகம் சுற்றும் வெளிநாட்டு யாட் ஒன்று. ஒருவர் மொழி மற்றவருக்குப் புரியாவிட்டாலும் தண்ணீர்க் குடமும் மீனும் கைமாறக் காத்திருப்பு நேரம் போதும். திருச்சி வழியாகத் தனுஷ்கோடி போன போட் மெயில் காலத்தில் இலங்கைப் பயணிகளின் கூட்டமும் இந்த வட்டாரத்தில்தான் கடலைச் சந்தித்தது. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியையே அழித்தபின் அந்த வழி ஒடுங்கியது.

எதிர்க்கரையின் படகோட்டிகளும் தமிழர்களே. கோடியக்கரைக்கு நேர் எதிரே வடமராட்சியில் இருக்கும் வல்வெட்டித்துறை, பாய்க்கப்பல் கட்டுவதிலும் ஓட்டுவதிலும் பெயர்பெற்ற ஊர். சிறிய பாய்மரப் படகில் 1928 முதல் 1931 வரை உலகைச் சுற்றிவந்த அமெரிக்கர் வில்லியம் ராபின்சன், அங்கே கட்டிய ‘அன்னபூரணி அம்மாள்’ என்ற பாய்க்கப்பலை விலைக்கு வாங்கினார். ‘ஃபுளோரன்ஸ் சி. ராபின்சன்’ என்று பெயர் மாற்றப்பட்ட அந்தக் கப்பல், வல்வெட்டித்துறை மாலுமிகளோடு செங்கடலும் மத்தியதரைக் கடலும் அட்லாண்டிக்கும் கடந்து 1938-ல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் குளோஸ்டர் துறையை அடைந்தது. கரையோர வணிகத்துக்காகக் கட்டிய கலத்தில் ஒரு தேர்ந்த படகோட்டி இத்தனை நம்பிக்கை வைத்தார் என்பதே அந்த ஊர்த் தச்சர்களின் கைத்திறனுக்குச் சான்று.

1974, 1976 இந்திய-இலங்கை ஒப்பந்தங்கள் இந்தக் கடலில் எல்லைக்கோடு போட்டன. அதற்குப் பிந்திய இலங்கைப் போர்க்காலம் இரு கரைக்கும் இடையிலான சிறுபடகுப் போக்குவரத்தைக் கடத்தல், அகதிப் பயணம் என்ற இரண்டு பெயர்களுக்குள் அடக்கிவிட்டது. இப்போது இருதரப்புப் படகுகளும் வெளிப்படையாகச் சந்திப்பது கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவில். ஆண்டின் முற்பகுதியில் இராமேசுவரத்திலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் படகுகள் வந்து அந்தச் சிறுதீவின் கரையில் அடுத்தடுத்து நிற்கும். மற்ற நாட்களில் உறவு கசப்பானது. தமிழ்நாட்டு இழுவைமடிப் படகுகள் கடலடியை வழித்தெடுத்து, வடஇலங்கை மீனவர்களின் வலைகளையும் அறுத்துவிடுகின்றன என்ற குற்றச்சாட்டு உண்மையானது. 2017-ல் இலங்கை இழுவைமடியைச் சட்டத்தால் தடைசெய்தது. இலங்கைக் கடற்படை தமிழ்நாட்டு மீனவரைச் சிறைப்பிடிப்பதைப் பற்றிப் பேசும் அளவுக்கு எதிர்க்கரை மீனவரின் இழப்பைப் பற்றித் தமிழ்நாட்டில் பேசப்படுவதில்லை. இதற்கிடையே 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் கப்பல் தொடங்கியது. சுமார் 60 கடல் மைல் தூரம்.

பொழுதுபோக்காகப் படகோட்டுகிறவருக்கு இந்தக் கரை தயாராக இல்லை. மேற்கு நாடுகளில் இருப்பதுபோல் படகு நிறுத்தத் துறைகளோ எரிபொருள் மிதவைகளோ கிடையாது. எந்தப் படகுக்கும் பதிவெண் வேண்டும். கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தார் கேட்டால் காட்ட அடையாள அட்டை வேண்டும். கோடியக்கரைச் சரணாலயத்திலும் முத்துப்பேட்டைக் காட்டிலும் இறங்க வனத்துறை அனுமதி தேவை. தெற்கே மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986 முதல் தேசியப் பூங்கா என்பதால் அங்கே நினைத்த இடத்தில் கரையேற முடியாது. திருச்சியிலிருந்து போகிறவருக்கு நடைமுறையில் இருக்கும் வழி, தஞ்சாவூர், மன்னார்குடி வழியாக முத்துப்பேட்டை சேர்ந்து, ஜாம்புவானோடையில் அனுமதியோடு உள்ளூர்ப் படகு எடுத்துக் காயல் வரை போய்வருவது.

அதற்குத் தை, மாசி மாதங்கள் ஏற்றவை. வாடையின் வேகம் தணிந்திருக்கும், ஆறுகளில் கொஞ்சம் தண்ணீர் இருக்கும், வலசைப் பறவைகள் திரும்பியிருக்கமாட்டா, கோடியக்கரை வாடிகளிலும் ஆட்கள் இருப்பார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். சிறுபடகுகளுக்கு அந்தத் தடை இல்லை என்றாலும், அதற்குள் காயலின் வாயில் நீர் குறைந்து, காலையில் வெளியே போன படகு உள்ளே வர ஏற்றத்துக்காகக் காத்திருக்க வேண்டிவரும்.